சாலைக்கு வந்த சமையல் எண்ணெய்!

2002-ஆம் ஆண்டில் பிரிட்டனின் தெற்கு வேல்ஸ் பகுதியில் ஒரு விந்தையான வாகனச் சோதனை நடைபெற்றது. லானெல்லி நகரை ஒட்டிய சாலைகளில் டீசல் வாகனங்களை நிறுத்தி, அவற்றின் எரிபொருள் தொட்டியிலிருந்து அதிகாரிகள் மாதிரி எடுத்தனர். அவர்கள் தேடியது கடத்தல் பொருளையோ போதைப்பொருளையோ அல்ல, சமையல் எண்ணெயை.

பேரங்காடியில் வாங்கிய எண்ணெயை டீசலுக்குப் பதிலாக ஊற்றி வாகனம் ஓட்டியவர்கள் பிடிபட்டனர், அபராதம் செலுத்தினர். வாகனத்தின் புகையோடு வந்த பொரித்த உணவின் வாசனையே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'பறக்கும் படை' என்பதைச் சற்றே திரித்து, அந்த அதிகாரிகளைப் 'பொரிக்கும் படை' என்று எழுதி மகிழ்ந்தன.

நகைச்சுவையாகத் தோன்றும் இந்நிகழ்வின் பின்னால் ஓர் அடிப்படையான கேள்வி இருக்கிறது. எரிபொருள் மீதான வரி எதற்காக விதிக்கப்படுகிறது? சாலையைப் பயன்படுத்துவதற்காகவா, காற்றை மாசுபடுத்துவதற்காகவா, அல்லது எளிதில் வசூலிக்க முடிகிறது என்பதற்காகவா? ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் தயாரித்த எண்ணெயைக் கொண்டு தம் வாகனத்தை ஓட்டும்போது, இந்த மூன்று காரணங்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தனித்தனியே நின்றுவிடுகின்றன.

தாவர எண்ணெயில் இயங்கும் டீசல் எந்திரம் புதுமையானதல்ல. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், ஆட்டோ நிறுவனத்தின் சிறிய டீசல் எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் இயக்கிக் காட்டப்பட்டது. எந்திரத்தைக் கண்டறிந்த ருடால்ஃப் டீசலே இதனை 1912-இல் நினைவுகூர்ந்து, தாவர எண்ணெய்களுக்கு எதிர்காலம் உண்டு என்ற நம்பிக்கையையும் வெளியிட்டார். 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது அவர் மறைந்தார். அதன் பின்னர் மலிவாகக் கிடைத்த கல்லெண்ணெய் பல பத்தாண்டுகளுக்குத் தாவர எண்ணெயை மறக்கச் செய்துவிட்டது.

தாவர எண்ணெயை இன்றைய வாகனத்தில் பயன்படுத்த இரு வழிகள் உள்ளன. முதல் வழி, எண்ணெயை அப்படியே ஊற்றுவது. தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு அளவுக்குப் பிசுபிசுப்பானது. ஆகவே, அதனைச் சூடாக்கி இளக்கிய பிறகே எந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். அதற்கெனத் தனித் தொட்டியும் சூடேற்றும் அமைப்பும் தேவை.

இரண்டாவது வழி, எண்ணெயையே மாற்றிவிடுவது. எண்ணெயுடன் மெத்தனாலையும் காஸ்டிக் சோடா போன்ற காரத்தையும் சேர்த்து வினைபுரியச் செய்தால், கனமான கிளிசரின் அடியில் தங்கும். மேலே மிதப்பது பயோடீசல். நூறு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இருபது லிட்டர் மெத்தனால் தேவைப்படும். கிடைக்கும் பயோடீசலும் ஏறத்தாழ நூறு லிட்டர் இருக்கும். மெத்தனால் நச்சுத்தன்மை உடையது, எளிதில் தீப்பற்றக்கூடியது. எனவே, இது விளையாட்டாகச் செய்யத்தக்க வேலை அல்ல. ஆயினும், உணவகங்களிலிருந்து பொரித்துக் கழித்த எண்ணெயைச் சேகரித்து, வடிகட்டி, பயோடீசல் தயாரிப்போர் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கணிசமாக உள்ளனர்.

இனி வரிக்கு வருவோம். பிரிட்டனில் சமையல் எண்ணெய் உணவுப்பொருள் என்பதால் அதற்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. அங்காடியின் அலமாரியில் இருக்கும்வரை அது வரியற்ற பண்டம். அதே எண்ணெயைச் சாலையில் செல்லும் வாகனத்துக்கு எரிபொருளாக ஒதுக்கிவைக்கும் கணத்தில், சட்டத்தின் பார்வையில் அது எரிபொருள் தீர்வைக்கு உரிய பொருளாகிவிடுகிறது. பொருள் மாறவில்லை, அதைப் பயன்படுத்துவோரின் நோக்கம் மட்டுமே மாறுகிறது. லானெல்லியில் பிடிபட்டவர்களின் குற்றம் எண்ணெய் ஊற்றியது அல்ல. ஊற்றிய எண்ணெய்க்குத் தீர்வை செலுத்தாததே.

அரசின் நிலைப்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை. டீசல் நிரப்புபவர் ஒவ்வொரு லிட்டருக்கும் தீர்வை செலுத்துகிறார். அதே சாலையில், அதே எடையுள்ள வாகனத்தில், அதே தொலைவு செல்லும் மற்றொருவர் ஒரு பென்ஸ்கூடச் செலுத்தாமல் செல்வது சமநீதி ஆகாது. வேளாண் பயன்பாட்டுக்கான சலுகை டீசலுக்குச் சிவப்புச் சாயம் கலந்து, அது சாலை வாகனங்களில் பயன்படுத்தப்படுகிறதா எனக் கண்காணிப்பதும் இதே காரணத்தால்தான்.

அதே வேளையில், எரிபொருள் தீர்வை சாலைக்காகவே வசூலிக்கப்படுகிறது என்ற வாதம் பிரிட்டனைப் பொருத்தவரை பழங்கதை. 1909-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் லாயிட் ஜார்ஜ் பெட்ரோலுக்குத் தீர்வை விதித்தபோது, அந்தப் பணம் சாலை மேம்பாட்டுக்கே செலவிடப்படும் என்றார். பின்னர் நிதியமைச்சரான வின்ஸ்டன் சர்ச்சில், சாலை நிதியிலிருந்து பணத்தைப் பொதுச் செலவுக்குத் திருப்பினார். 1937-இல் வாகன வரிக்கும் சாலைச் செலவுக்கும் இருந்த நேரடித் தொடர்பு முற்றாக அறுக்கப்பட்டது. இன்று எரிபொருள் தீர்வையாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 கோடி பவுண்டு அரசின் பொதுக் கருவூலத்தில் சேர்கிறது. அதில் சாலைக்குச் செல்வது எவ்வளவு என்பதை நாடாளுமன்றம்தான் ஆண்டுதோறும் முடிவு செய்கிறது.

இந்தப் பின்னணியில், பிரிட்டிஷ் அரசு தாவர எண்ணெயை அணுகிய விதம் கவனிக்கத்தக்கது. லானெல்லி சோதனைகள் நடந்த அதே 2002-ஆம் ஆண்டு ஜூலையில், பயோடீசலுக்கான தீர்வை சாதாரண டீசலைவிட லிட்டருக்கு 20 பென்ஸ் குறைக்கப்பட்டது. ஆனால், நடைமுறைச் சுமை குறையவில்லை. தம் ஒரே காருக்காகத் தயாரிப்பவரும் தம்மை உற்பத்தியாளராகப் பதிவு செய்து, கணக்குத் தாக்கல் செய்து, தீர்வை செலுத்த வேண்டியிருந்தது. பெரும் சுத்திகரிப்பு ஆலைக்கும் கொல்லைப்புறக் கொட்டகைக்கும் ஒரே சட்டம்.

2007-ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் இந்நிலை மாறியது. ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குக் குறைவாகத் தாவர எண்ணெய் எரிபொருள் தயாரிப்போரும் பயன்படுத்துவோரும் தீர்வை செலுத்த வேண்டியதில்லை. பதிவு செய்யவும் வேண்டியதில்லை. எவ்வளவு தயாரித்தோம் என்ற குறிப்பை மட்டும் வைத்திருந்தால் போதும் என அறிவிக்கப்பட்டது. ஒரே நாளில், நேற்றுவரை வரி ஏய்ப்பவர்களாகக் கருதப்பட்டவர்கள் சட்டத்தை மதிக்கும் குடிமக்களாயினர்.

இந்த வரம்பின் கணக்கைச் சற்றே போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் 2,500 லிட்டரில் 37,500 கி.மீ. செல்லும். அதாவது, ஒரு குடும்பத்தின் ஓராண்டுத் தேவைக்கு அது தாராளமாகப் போதும்; ஆனால், வணிகம் நடத்தப் போதாது. டீசலுக்கான தீர்வை 2022 மார்ச்சில் குறைக்கப்பட்டதன்படி லிட்டருக்கு 52.95 பென்ஸ். அந்த அளவில் கணக்கிட்டால், முழு வரம்பையும் பயன்படுத்தும் ஒருவரால் கருவூலத்துக்கு ஏற்படும் இழப்பு 1,324 பவுண்டு. இத்தகையோர் பத்தாயிரம் பேர் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் மொத்த இழப்பு 1.32 கோடி பவுண்டு. 2,400 கோடியில் இது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தச் சிறு தொகையை வசூலிக்க எத்தனை படிவங்கள், எத்தனை அலுவலர்கள், எத்தனை சாலையோரச் சோதனைகள் தேவைப்படும்? வரி விதிப்பின் இலக்கணங்களில் ஒன்றாக ஆடம் ஸ்மித் குறிப்பிட்டது, வசூலிக்கும் செலவு வரி வருவாயை விழுங்கிவிடக் கூடாது என்பதாகும். 2,500 லிட்டர் வரம்பு அந்த இலக்கணத்துக்குப் பொருந்துவது.

இதே காலத்தில் அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு டீசலுக்கு மத்திய அரசு கேலனுக்கு 24.4 சென்ட் வரி விதிக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு வரி விதிக்கிறது. வட கரோலினாவில் தாவர எண்ணெயில் கார் ஓட்டிய ஒருவருக்கு, மாநில எரிபொருள் வரி செலுத்தவில்லை என்று 2007-இல் ஆயிரம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. இலினாய் மாநிலத்தில், கழிவு எண்ணெயில் கார் ஓட்டிய முதியவர் ஒருவரை எரிபொருள் வழங்குநராகக் கருதி, 2,500 டாலருக்குப் பிணைப்பத்திரம் அளிக்குமாறு அதிகாரிகள் கோரினர். அவர் வரி செலுத்த மறுக்கவில்லை. ஒரு காருக்காகத் தயாரிப்பவரை எண்ணெய் நிறுவனமாக நடத்தும் சட்டம்தான் அவருக்குச் சிக்கலானது.

ஜெர்மனியின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. அங்கு தூய தாவர எண்ணெய் எரிபொருளுக்கு முதலில் வரி இல்லை. அதை நம்பி, ஊர்ப்புறங்களில் ரேப் விதையிலிருந்து எண்ணெய் பிழியும் சிறு ஆலைகள் நூற்றுக்கணக்கில் தோன்றின. விவசாயிகளும் சரக்கு வாகன உரிமையாளர்களும் பணம் செலவிட்டுத் தம் எந்திரங்களை மாற்றியமைத்தனர். 2006-இல் வந்த எரிசக்தி வரிச் சட்டம் இந்நிலையை மாற்றியது. 2008-இல் தூய தாவர எண்ணெய்க்கு லிட்டருக்கு ஏறத்தாழ 10 சென்ட் வரி விதிக்கப்பட்டது; அது மறு ஆண்டே 18 சென்ட் ஆனது; 2013-இல் 45 சென்டாக உயர்ந்தது. டீசலுக்கான வரியே 47 சென்ட்தான்.

விளைவு எதிர்பார்த்ததே. 2007-இல் ஏழு லட்சம் டன்னைத் தாண்டியிருந்த தாவர எண்ணெய் எரிபொருள் பயன்பாடு, 2009-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் டன்னாகச் சுருங்கியது. 2013-க்குப் பிறகு சாலைப் போக்குவரத்தில் அது பெயரளவுக்கே எஞ்சியது. வேளாண், வனப் பணிகளுக்கு மட்டும் வரிச்சலுகை நீடித்தது. கருவூலத்துக்கும் பெரிய ஆதாயம் கிட்டவில்லை. வரி விதிக்கப்பட்ட பொருளே சந்தையிலிருந்து மறைந்துபோனால் வரி எங்கிருந்து வரும்? சலுகையைக் காட்டி முதலீட்டை வரவழைத்துவிட்டு, முதலீடு செய்தவர் கடனை அடைக்கும் முன்பே சலுகையைத் திரும்பப் பெறுவது அரசின் சொல் மீதான நம்பிக்கையைக் குலைப்பதாகும்.

பிரிட்டனும் இவ்விஷயத்தில் முற்றிலும் தூயது அல்ல. 2002-இல் தந்த 20 பென்ஸ் சலுகையை 2010 ஏப்ரலில் அது விலக்கிக்கொண்டது. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து தயாரிக்கப்படும் பயோடீசலுக்கு மட்டும் மேலும் இரண்டாண்டுகள் சலுகை நீடித்து, 2012-இல் அதுவும் முடிந்தது. அதன் இடத்தில், எரிபொருள் நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் தாவர எரிபொருளைக் கலந்தாக வேண்டும் என்ற கட்டாய முறை முதன்மை பெற்றது. பெருநிறுவனங்களுக்கு அது வசதி. இரண்டுக்கும் இடைப்பட்ட, 2,500 லிட்டரைத் தாண்டிய சிறு தொழில்முனைவோருக்கு அது நெருக்கடி.

வரிவிலக்கை ஆதரிப்போர் முன்வைக்கும் சுற்றுச்சூழல் வாதத்தையும் எடைபோட வேண்டும். பயன்படுத்திய எண்ணெயைப் பொருத்தவரை அந்த வாதம் வலுவானது. 2017-இல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில், பாதாளச் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட கொழுப்புக் கட்டி கண்டறியப்பட்டது. சமையலறைத் தொட்டிகளில் ஊற்றப்பட்ட எண்ணெயும் கொழுப்பும், மக்காத ஈரத் துடைப்பான்களுடன் சேர்ந்து பாறைபோல் இறுகியிருந்தன. அதனை உடைத்து அகற்றப் பல வாரங்களாயின. அகற்றியதில் ஒரு பகுதி பயோடீசலாக்கப்பட்டது. சாக்கடைக்குச் செல்லும் எண்ணெயை வாகனத்துக்குத் திருப்புபவர் நகருக்கு நன்மையே செய்கிறார்.

புதிய எண்ணெய்க்கு இந்த வாதம் பொருந்தாது. உண்ணத்தக்க எண்ணெயை எரிபொருளாக எரிப்பது உணவின் விலையை உயர்த்தும். எண்ணெய்ப்பனைக்காகக் காடுகள் அழிவதற்கும் துணைபோகும். ஆகவே, 'தாவர எண்ணெய்' என்ற ஒற்றைப் பெயரில் இரண்டையும் ஒன்றாக வைத்துச் சலுகை தருவதும், ஒன்றாக வைத்துத் தண்டிப்பதும் பொருத்தமன்று.

இந்தியாவிலும் இந்த வேறுபாடு உணரப்பட்டுள்ளது. ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது உடல்நலத்துக்குக் கேடு என்பதால், 2018-இல் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அதற்கு வரம்பு விதித்தது. வரம்பைக் கடந்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டத்தையும் தொடங்கியது. அதே ஆண்டில் வெளியான தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பதை இலக்காக வைத்தது. இங்கு டீசல் விலையில் சாலைக்கான மேல்வரியும் அடங்கியிருப்பதால், பிரிட்டனில் எழுந்த கேள்வி நமக்கும் அந்நியமானதல்ல.

சாலைப் பயன்பாட்டுக்கு வரி வேண்டும். ஆனால், எரிபொருளைத் துரத்திக்கொண்டு ஓடக் கூடாது என்றால் என்ன வழி? நியூசிலாந்து நீண்ட காலமாகவே அதற்கு விடை வைத்திருக்கிறது. 1978 முதல் அங்கு டீசல் வாகனங்கள் எரிபொருள் வழியாக அல்லாமல், ஓடும் தொலைவின் அடிப்படையில் சாலைக் கட்டணம் செலுத்துகின்றன. சாதாரண இலகுரக வாகனத்துக்கு 1,000 கி.மீ.க்கு 76 நியூசிலாந்து டாலர். கனரக வாகனத்துக்கு எடையையும் அச்சுகளின் அமைப்பையும் பொருத்துக் கட்டணம் கூடும். தொட்டியில் இருப்பது டீசலா, சமையல் எண்ணெயா என்று யாரும் முகர்ந்து பார்க்க வேண்டிய தேவை இல்லை.

எடையைக் கணக்கில் கொள்வது தற்செயலானதல்ல. அச்சின் மீதான சுமை இரட்டிப்பானால், சாலைக்கு ஏற்படும் தேய்மானம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பொறியாளர்களின் நெடுநாள் கணிப்பு. சாலையைச் சிதைப்பது பெருஞ்சுமை வாகனங்களே. அப்படியிருக்க, ஒரு சிறிய காரின் தொட்டியிலுள்ள எண்ணெயைச் சோதிப்பது, யானை போன வழியை விட்டுவிட்டு எறும்பின் தடத்தைத் தேடுவதாகும்.

மின்சார வாகனங்களின் வருகை இக்கேள்வியை மேலும் கூர்மையாக்கியுள்ளது. மின்சாரக் கார் ஓட்டுபவரும் எரிபொருள் தீர்வை செலுத்துவதில்லை. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைத்துத் தம் காருக்கு மின்னேற்றம் செய்பவர், வீட்டுக் கொட்டகையில் பயோடீசல் தயாரித்தவரின் வாரிசு என்றே சொல்லலாம். வேறுபாடு எண்ணிக்கையில்தான். பயோடீசல் தயாரித்தோர் சிலர். மின்சாரக் கார் வைத்திருப்போர் பல லட்சம் பேர்.

அதனால்தான் நியூசிலாந்து 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களையும் தொலைவுக் கட்டணத்தின்கீழ் கொண்டுவந்தது. பிரிட்டன் 2025 ஏப்ரலில் மின்சாரக் கார்களுக்கு ஆண்டு வாகன வரியை விதித்தது. 2028 முதல் மைலுக்கு 3 பென்ஸ் வசூலிக்கப்போவதாகவும் அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. எரிபொருளை வைத்துச் சாலைப் பயன்பாட்டை அளந்த நூற்றாண்டுப் பழக்கம் முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது.

இந்த மாற்றத்தில் அரசுகள் மூன்று நெறிகளைப் பின்பற்றலாம். முதலாவதாக, சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறு அளவில் எரிபொருள் தயாரிப்போருக்குத் தெளிவான, எளிதில் நினைவில் நிற்கும் வரம்பு ஒன்றை வைத்து விலக்கு அளிக்க வேண்டும். இரண்டாவதாக, கழிவு எண்ணெயையும் புதிய எண்ணெயையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. மூன்றாவதாக, சாலைக்கான கட்டணம் வாகனத்தின் எடையையும் ஓடிய தொலைவையும் பொருத்ததாக மாற வேண்டும்; அம்மாற்றம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைபெற வேண்டும்.

சட்டத்தை மீறுவோரைப் பிடிப்பதற்குப் படை தேவைப்படலாம். ஆனால், சாதாரண மனிதர் தம்மை அறியாமலேயே மீறும்படியாகச் சட்டம் இருக்குமானால், திருத்த வேண்டியது மனிதரை அல்ல, சட்டத்தையே. லானெல்லியின் பொரிக்கும் படைக்கும் 2,500 லிட்டர் விலக்குக்கும் இடையே கடந்தவை ஐந்து ஆண்டுகளே. தன் தவறை ஐந்தே ஆண்டுகளில் உணர்ந்து திருத்திக்கொண்ட வரிச் சட்டங்கள் உலகில் அதிகமில்லை.